பி.சி.எச். என்பதில் வரும் போஸ்

நம் வீடுகளில் போஸ் என்றால் நேதாஜிதான். தாத்தா, பாட்டிகளில் ஒருவராவது அவர் படையைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. மின்னணுவியல் படிக்க வந்த பிறகுதான் எனக்கு இன்னொரு போஸ் அறிமுகமானார். அதுவும் ஓர் எழுத்தாக! பிழைதிருத்தக் குறிமுறைகளில் பி.சி.எச். என்று ஒன்று உண்டு. அதன் 'பி'க்கு உரியவர் ராஜ் சந்திர போஸ். பாடநூல் அவர் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த வரியிலேயே சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறது.

அவர் 1901 ஜூன் 19இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் பிறந்த வங்காளி, தந்தை மருத்துவர். 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலில் தாயை இழந்தார். மறு ஆண்டே தந்தையும் மறைந்தார். தம்பி தங்கைகளின் பொறுப்பைச் சுமந்துகொண்டே டில்லியில் முதுகலை முடித்தார். பிறகு கல்கத்தா சென்று, 1927இல் தூய கணிதத்தில் இரண்டாவது முதுகலைப் பட்டமும் பெற்றார். அவர் மனம் முழுவதும் வடிவியலில்தான் இருந்தது.

1932 டிசம்பரில் மகலனோபிஸ் அவரைத் தேடி வந்தார். அப்போதுதான் தொடங்கியிருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு ஒரு வடிவியலாளர் தேவைப்பட்டார். போஸுக்கோ புள்ளியியல் தெரியாது. முப்பத்தொரு வயதில் புதிய துறையைப் படிக்க உட்கார்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்தது வயல் சோதனை. பல உரங்களையும் பல விதைகளையும் சிறு சிறு பாத்திகளில் சோதிக்கும்போது, ஒன்றன் விளைவு மற்றொன்றோடு குழம்பிவிடாமல் எப்படிப் பங்கிடுவது? லெவி என்ற ஜெர்மானியப் பேராசிரியரின் கருத்தரங்கில் கற்ற முடிவுள்ள களங்களை, அதாவது சில எண்களே கொண்ட கணித உலகை, இதற்குப் பயன்படுத்தினார். எந்தச் சில புள்ளிகளும் ஒன்றையொன்று சாராதிருக்க, அதிகபட்சம் எத்தனை புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்வியில் போய் நின்றார். 1947இல் வெளியான அவர் கட்டுரையின் முக்கியக் கேள்வியே இதுதான்.

1949இல் அமெரிக்காவின் சேப்பல் ஹில்லில் பேராசிரியரானார். தாயகத்தில் இருந்திருந்தால் நிர்வாகம் அவர் நேரத்தை விழுங்கியிருக்கும். அறிஞர்கள் நாட்டைவிட்டுப் போவதைக் குறை சொல்லுவோர் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1959இல் ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோருடன் சேர்ந்து, ஆய்லரின் 177 ஆண்டுக்கால ஊகம் தவறென நிறுவினார். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது.

ஆனால் என்னைக் கவர்ந்தது 1960இல் தம் மாணவர் ராய்-சௌத்ரியோடு அவர் எழுதிய கட்டுரை. செய்தியோடு சில சரிபார்ப்பு பிட்டுகளைச் சேர்த்து அனுப்பினால், வழியில் சில பிட்டுகள் மாறினாலும் மூலச் செய்தியை மீட்கலாம். அந்த பிட்டுகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? பழைய வயல் கேள்வியேதான், உரத்துக்குப் பதில் பிட்! பிரான்சின் ஹாக்கெங்கெம் ஓராண்டு முன்பே இதைத் தனியாகக் கண்டிருந்தார், 'எச்' அவருடையது.

இக்குறிமுறைகள் சுழற்சித் தன்மை உடையவை என்று பீட்டர்சன் அதே ஆண்டு காட்டினார். அதனால்தான் குறியாக்கி இவ்வளவு சிறிதாகிறது. 5 பிட் செய்தியை 15 பிட்டாக்கி 3 பிழைகள் வரை திருத்தும் குறிமுறைக்கு, 10 ஃபிளிப்-ஃபிளாப்களும் 6 எக்ஸார் வாயில்களும் போதும். பெருக்கல் சுற்று வேண்டாம், நினைவகமும் வேண்டாம். செய்தி பிட்டுகள் ஒவ்வொன்றாக நுழைய, ஐந்தாவது கடிகாரத் துடிப்பு முடிந்ததும் பத்து சரிபார்ப்பு பிட்டுகளும் அந்த ஃபிளிப்-ஃபிளாப்களிலேயே தயாராக நிற்கும். முதன்முறை அதை வரைந்து பார்த்தபோது, ஏதோ விட்டுப்போய்விட்டது என்றே நினைக்கத் தோன்றும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சில்லு வடிவமைக்கப் போகும் நம்மவர்கள் இதன் பெரிய உறவுகளைச் சந்திப்பார்கள்; ஃபிளாஷ் நினைவகக் கட்டுப்படுத்திகளிலும் செயற்கைக்கோள் ஒளிபரப்பிலும் பி.சி.எச். உண்டு. நான் சொன்ன அந்தச் சிறிய 15 பிட் குறிமுறையோ, நாசி கண்டார் கடையில் காசு கட்ட நாம் படமெடுக்கும் கியூ.ஆர். கட்டத்திலேயே இருக்கிறது. மூலைச் சதுரங்களை ஒட்டி, கட்டத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் புள்ளிகள் அவை. எண்ணெய்க் கை பட்டு மூன்று புள்ளிகள் அழிந்தாலும் கைத்தொலைபேசி அவற்றை மீட்டுவிடும்.

போஸ் 1971இல் சேப்பல் ஹில்லில் ஓய்வு பெற்று, கொலராடோவில் மீண்டும் பாடம் நடத்தப் போனார். 1987 அக்டோபர் 31இல் காலமானார். கியூ.ஆர். கட்டம் ஜப்பானில் பிறந்தது அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து, 1994இல்.