ராம் நாத் சோப்ரா

சர் ராம் நாத் சோப்ரா (ஆகஸ்ட் 17, 1882 – ஜூன் 13, 1973) இந்திய மருத்துவரும் மருந்தியல் அறிஞரும் ஆவார். இந்திய மருந்தியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். நாட்டு மூலிகைகளை விலங்குகளில் சோதித்து அளந்தறியும் ஆய்வு இந்தியாவில் வேரூன்ற முதன்மைக் காரணமாக இருந்தவர். இவருடைய குழுவினர் ஆராய்ந்த மூலிகைகளுள் ஒன்று சர்ப்பகந்தி. அதன் வேரிலிருந்து பின்னாளில் பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின், மனச்சோர்வு நீக்கி மருந்துகளை எலிகளில் சோதிக்கும் தொடக்ககால முறை ஒன்றுக்கு அடிப்படையாயிற்று.

வாழ்க்கை

சோப்ரா இன்றைய பாகிஸ்தானில் உள்ள குஜ்ரன்வாலாவில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது வால்டர் டிக்சன் என்னும் மருந்தியல் அறிஞரிடம் பயிற்சி பெற்றார். 1908இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் படை மருத்துவராகப் பணியாற்றினார். 1921இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் அப்பள்ளியின் இயக்குநராகவும் விளங்கினார்.

1930இல் அமைக்கப்பட்ட மருந்து விசாரணைக் குழுவுக்கு இவர் தலைமை வகித்தார். கலப்பட மருந்துகளும் தரம் குறைந்த மருந்துகளும் சந்தையில் தடையின்றி விற்கப்பட்டதை அக்குழு ஆராய்ந்தது. 1931இல் அளிக்கப்பட்ட அதன் அறிக்கையின் வழியிலேயே 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டம் வந்தது. 1941இல் சர் பட்டம் பெற்ற சோப்ரா, ஓய்வுக்குப் பின் காஷ்மீருக்குச் சென்று அங்கும் மருந்து ஆய்வைத் தொடர்ந்தார்.

மூலிகை ஆய்வுகள்

இந்திய மூலிகைகளைப் பற்றிய இவருடைய பெருநூல் 1933இல் வெளிவந்தது. மருந்துகளில் நாடு தற்சார்பு அடைய வேண்டும், ஏழைகளுக்கு மலிவான மருந்து கிடைக்க வேண்டும் என்பவை இவருடைய நோக்கங்கள். மரபு வழியாகப் புகழப்பட்டது என்பதற்காக எதையும் இவர் ஏற்கவில்லை. ஆய்வில் பயனற்றவை எனத் தெரிந்தவற்றை அவ்வாறே பதிவு செய்தார். இதனால் மரபு மருத்துவர்கள் சிலருக்கு இவர்மீது மனக்குறை இருந்தது. ஆனால் மரபு மருத்துவத்தை ஒதுக்கியவர் என்று இவரைச் சொல்வது பொருந்தாது. 1946இல் இவர் தலைமையில் அமைந்த குழு, மரபு மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் ஒருங்கிணைக்கலாம் என 1948இல் பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் இதே சிக்கலை 1920களின் தொடக்கத்திலேயே முகமது உஸ்மான் குழு ஆராய்ந்திருந்தது.

சர்ப்பகந்தி

சர்ப்பகந்தி மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் வளரும் சிறு செடி. குற்றாலம், தென்காசி வட்டாரத்தில் மூலிகைகளோடு பழகியவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. தூக்கமின்மைக்கும் மனக்கலக்கத்துக்கும் இதன் வேரைத் தருவது பழைய வழக்கம். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இது பயன்படுவதை எழுதினர். அதே ஆண்டில் சலீமுஸ்ஸமான் சித்திக்கி இதன் காரப்போலிகளைப் பிரித்தெடுத்தார். 1933இல் சோப்ராவும் உடன் ஆய்வாளர்களும் வேரின் செயலை விலங்குகளில் ஆராய்ந்து, அது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதை வெளியிட்டனர். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரித்தானிய இதழில் எழுதிய பின்னரே மேலைநாடுகள் இதனைத் திரும்பிப் பார்த்தன. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரெசர்பினைப் பிரித்தெடுத்தனர்.

எலிகளில் மனச்சோர்வு மருந்துச் சோதனை

சோப்ரா கல்கத்தாவில் ஆய்வு நடத்திய காலத்தில் மனச்சோர்வு நீக்கி என்ற மருந்து வகையே கிடையாது. இமிப்பிரமின் மனச்சோர்வைத் தணிப்பதை ரோலண்ட் கூன் வெளியிட்டது 1957இல்தான். இதற்குள் ரெசர்பின் மூளை நரம்புகளில் சேமிக்கப்பட்டுள்ள செரட்டோனின், நோரட்ரினலின், டோபமின் ஆகியவற்றை வற்றச் செய்வது தெரிந்துவிட்டது. ரெசர்பின் கொடுத்த சுண்டெலியின் இமைகள் தொங்கும், உடல் வெப்பம் குறையும், அசையாமல் கூனிக் கிடக்கும். இமிப்பிரமின் இவ்விளைவுகளைத் தடுத்தது. எனவே இவற்றைத் தடுக்கும் புதுப்பொருள் எதுவும் மனச்சோர்வு மருந்தாகலாம் என்ற கருத்தில் இச்சோதனை பரவியது.

இதில் குறைகள் உண்டு. மனச்சோர்வைத் தீர்க்காத ஆம்பெட்டமின் போன்ற ஊக்கிகளும் இச்சோதனையில் வெற்றி பெற்றுவிடும். செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் மருந்துகள் சிலவற்றை இது தவறவிடும். 1977இல் போர்சோல்ட் குழுவினர் கட்டாய நீச்சல் சோதனையை அறிமுகப்படுத்தினர். நீர் நிரம்பிய உருளையில் விடப்பட்ட எலி நீந்துவதை நிறுத்தி எவ்வளவு நேரம் அசையாது மிதக்கிறது என்பது அதில் அளக்கப்படும். 1985இல் சுண்டெலிகளுக்கான வால் தொங்கு சோதனை வந்தது. தமிழ்நாட்டு மருந்தியல் கல்லூரிகளில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கும் மாணவர்கள் பெரும்பாலும் இவ்விரண்டையுமே கையாள்கின்றனர். அசைவின்மை உண்மையில் நம்பிக்கையிழப்பா, ஆற்றலைச் சேமிக்கும் தகவமைப்பா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. எலிக்கு உதவிய சாறு மனிதருக்கு உதவும் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

ரெசர்பின் மனிதரிடம் மனச்சோர்வை உண்டாக்கும் என்று நெடுங்காலம் பாடநூல்கள் கூறிவந்தன. ஆனால் 1955இல் லண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் ஆகியோர் நடத்திய சோதனையில், பதற்றமும் சோர்வும் உடைய நோயாளிகளுக்கு அது நன்மை செய்தது. அம்முடிவு அன்று போதிய கவனம் பெறவில்லை. மருந்தின் பெருந்தேவையால் காடுகளில் சர்ப்பகந்தி அளவுக்கு மீறிப் பிடுங்கப்பட்டது. இன்று அதன் பன்னாட்டு வணிகம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது.

மறைவு

சோப்ரா 1973இல் தமது 90ஆம் வயதில் காலமானார். இந்திய அஞ்சல் துறை 1983இல் இவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.