காட்டில் விடப்பட்டவர்களைத் தேடிச் சென்றவர்



மட்டக்களப்பு வாவிக் கரையிலுள்ள அமிர்தகழிக்கும் அதன் அயற் கிராமங்களுக்கும் அனர்த்தம் புதிதன்று. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி, 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் வாரிச் சென்ற ஆழிப்பேரலை, 2011 ஜனவரியில் வயல்களையும் வீதிகளையும் மூடிய பெருவெள்ளம் எனத் துயரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இம்மாவட்டத்தைத் தேடி வந்துள்ளன. அத்தகைய நாள்களில் அரிசி மூட்டைகளையும் உணவுப் பொதிகளையும் தோளிலே சுமந்து, இடுப்பளவு நீரிலே இறங்கி நடந்தவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்களும் யுவதிகளுமே. ஓர் அனர்த்தத்தில் முகாமிலே கஞ்சிக்குக் காத்து நின்ற சிறுவன், அடுத்த அனர்த்தத்தில் கஞ்சி வார்ப்பவனாக நிற்பதை இம்மண் அறியும்.

எனினும், உங்கள் மகனோ மகளோ தொண்டர் அணியில் சேர விரும்புவதாகச் சொல்லும்போது, பெற்றோராகிய உங்கள் உள்ளத்தில் பெருமையோடு அச்சமும் எழுகிறதல்லவா? நோய் தொற்றிக்கொண்டால் என்ன செய்வது? படிப்புக் கெட்டுவிட்டால் என்ன செய்வது? நல்ல எண்ணத்தோடு போகும் பிள்ளையை யாரேனும் சந்தேகித்தால் யார் துணை நிற்பார்? இவை வீண் கேள்விகள் அல்ல. நோய், சந்தேகம், சிறை ஆகிய மூன்றையும் இந்நாட்டிலேயே அனுபவித்த ஒருவரின் வாழ்வை இன்று சிந்திப்போம். அவரே இலங்கையின் திருத்தூதர் என நாம் போற்றும் புனித யோசேவாஸ் அடிகளார்.

அவர் 1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரிலே, வசதியும் மதிப்பும் உடைய குடும்பத்தில் பிறந்தார். கல்வியிலே சிறந்து விளங்கிய அவருக்கு 1676இல் குருத்துவத் திருநிலைப்பாடு கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. உயர்ந்த பதவிகளை நாடக்கூடிய அந்த இளமைப் பருவத்தில் அவர் முதலில் செய்த காரியம், காலணிகளைத் துறந்ததாகும். ஏழைகள் வெறுங்காலோடு நடக்கையில் தாமும் அவ்வாறே நடப்பதெனத் தீர்மானித்தார். 1681இல் கன்னடக் கரையோரப் பணிக்கு அனுப்பப்பட்டபோது, அங்கே சிறு பாடசாலைகளைத் தொடங்கினார். அடிமைகளாக்கப்பட்டிருந்த கிறிஸ்தவர்களை மீட்பதற்காக உழைத்தார். இரங்குவதோடு நின்றுவிடாமல், அந்த இரக்கத்துக்குக் காரணமான அநீதியைப் போக்கவும் முயல வேண்டும் என்பதை அவர் இளம் வயதிலேயே உணர்ந்திருந்தார்.

இந்நிலையில் இலங்கையின் துயரம் அவர் செவிக்கு எட்டியது. மட்டக்களப்பின் புளியந்தீவிலே இன்றும் நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் வசமாயின. கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் அளிப்பதும் கடுங்குற்றமாக்கப்பட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகத் திருப்பலியோ பாவசங்கீர்த்தனமோ இன்றி அங்கே மக்கள் வாழ்ந்தனர். அவர்களிடம் போகுமாறு எவரும் யோசேவாஸ் அடிகளாரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவரே விரும்பி முன்வந்தார். யோவான் என்னும் பணியாளரான இளைஞர் ஒருவரும் அவருடன் புறப்பட்டார். அந்த இளைஞருக்குக் குருத்துவம் இல்லை, பதவி இல்லை. எனினும் அந்தப் பயணத்தின் பாரத்தை அவரும் சமமாகச் சுமந்தார்.

1687இல் தூத்துக்குடியிலிருந்து படகேறிய இருவரும், கடற்கொந்தளிப்பிலும் பசியிலும் வாடி, கூலியாள்களைப் போன்ற கோலத்துடன் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தனர். வந்த சில நாள்களிலேயே கடுமையான வயிற்றுப்போக்கு அவர்களைத் தாக்கியது. நோய் பரவிவிடுமென அஞ்சிய ஊரவர்கள் அவர்களை ஊருக்குப் புறத்தே, ஆளரவமற்ற இடத்தில் கொண்டுபோய் விட்டனர். தொண்டு செய்ய வந்தவர்கள், தொண்டுக்கு ஏங்கிக் கிடந்தார்கள். அவ்வேளையில் இரக்கமுள்ள பெண்மணி ஒருவர் நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கஞ்சியிலேதான் இருவரும் உயிர் பிழைத்தனர். அந்தத் தாயின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. ஆனால் இலங்கைத் திருஅவையின் மறுமலர்ச்சி அவருடைய கஞ்சிக் கலத்திலிருந்து தொடங்கியது எனச் சொன்னால் அது மிகையாகாது.

உடல் தேறியதும் அடிகளார் கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அச்செபமாலையைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கொண்டு கத்தோலிக்கக் குடும்பங்களை இனங்கண்டார். சில்லாலையில் தங்கி, இரவு வேளைகளில் மறைவாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது புத்தளம் சென்று, 1692இல் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அங்கே காத்திருந்தது வரவேற்பன்று, சிறை. போர்த்துக்கேயரின் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, யோவானோடு அவர் அடைக்கப்பட்டார். நன்மை செய்ய வந்தவரை உளவாளி என்றனர். அவரோ தம் நிலையை எண்ணிப் புலம்பவில்லை. சிங்கள மொழியைக் கற்றார். சிறை வளவிலேயே ஒரு சிறு குடிசை அமைத்து அதை அன்னை மரியாளின் ஆலயமாக்கினார். காலப்போக்கில், பௌத்தரான இரண்டாம் விமலதர்மசூரிய மன்னர் அவரது நேர்மையை உணர்ந்து அவருக்கு மதிப்பளித்தார்.

1697ஆம் ஆண்டு கண்டியிலே பெரியம்மை பரவியது. அந்நோய்க்கு எட்வர்ட் ஜென்னர் தடுப்பூசி கண்டது 1796இல். அதாவது 99 ஆண்டுகள் கழித்தேயாகும். அக்காலத்தில் மக்கள் அறிந்த ஒரே பாதுகாப்பு ஓடிப்போவதே. மன்னரும் அரண்மனையினரும் வசதி படைத்தோரும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரை அவர்களுடைய உறவினரே காட்டிலே கொண்டுபோய் விட்டனர். பசியாலும் காட்டு விலங்குகளாலும் பலர் மாண்டனர். 2020இல் கொரோனாத் தொற்றின்போது, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டவும் நாம் எவ்வளவு அஞ்சினோம் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த மக்களைக் குறைகூற நமக்கு மனம் வராது.

யோசேவாஸ் அடிகளார் ஓடவில்லை. கோவாவிலிருந்து துணைக்கு வந்திருந்த அவருடைய மருமகனான யோசே கர்வாலோ அடிகளாரும் அவருடன் நின்றார். இருவரும் காடுகளுக்குள் சென்று கைவிடப்பட்டவர்களைத் தேடினர். கொட்டில்கள் அமைத்தும் வெறுமையாய்க் கிடந்த வீடுகளைப் பயன்படுத்தியும் அவர்களைத் தங்கவைத்தனர். புண்களைக் கழுவினர், உணவு கொடுத்தனர், இறந்தோரைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தனர். கிறிஸ்தவரா, பௌத்தரா என்று கேட்டுக் கஞ்சி வார்க்கவில்லை. இப்பணி ஓரிரு வாரங்களில் முடிந்துவிடவுமில்லை. நோய் தணியும் வரை மாதக்கணக்கில் நீடித்தது.

வாசகர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். 1687இல் தொற்றுக்கு அஞ்சி ஊருக்கு வெளியே விடப்பட்ட அதே மனிதர்தான், பத்து ஆண்டுகள் கழித்துக் காட்டிலே விடப்பட்டோரைத் தேடிச் சென்றார். தாம் ஒதுக்கப்பட்ட வேதனையை அவர் மனக்கசப்பாக மாற்றிக்கொள்ளவில்லை. தமக்குக் கிடைத்த கஞ்சியையே கடனாக எண்ணித் திருப்பிச் செலுத்தினார். நகருக்குத் திரும்பிய மன்னர் அவருடைய பணியை மனமாரப் புகழ்ந்து, தம் இராச்சியத்தில் தடையின்றி நற்செய்திப் பணியாற்ற இடமளித்தார். அவர் நடத்திய எந்த விவாதமும் பெற்றுத் தராத சுதந்திரத்தை அந்தத் தொண்டு பெற்றுத் தந்தது.

1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலே அடிகளார் இறைபதம் அடைந்தார். 1995 ஜனவரி 21இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலிலே திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். ஆண்டுதோறும் ஜனவரி 16இல் அவரது திருநாளைக் கொண்டாடுகிறோம்.

இவ்வாழ்விலிருந்து நம் குடும்பங்கள் பெற்றுக்கொள்ள வேண்டியது என்ன? முதலாவதாக, உதவி பெறுவது இழிவன்று. பொதி வாங்கும் கையைப் படமெடுத்துப் பரப்பும் பழக்கம் இன்று பெருகியுள்ளது. யாழ்ப்பாணத்துத் தாய் கஞ்சி கொடுத்ததை எவரும் பறைசாற்றவில்லை. ஆயினும் அது பலன் தந்தது. தொண்டுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு, வாங்குபவரின் மானத்தைக் காக்க முதலில் கற்றுக்கொடுங்கள்.

இரண்டாவதாக, தொண்டு அயலாரின் மதத்தை ஆராய்வதில்லை. அமிர்தகழியிலே ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காக மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் பெருந்திரளாய்க் கூடும் மக்களும் நம் அயலவரே. வெள்ளம் வீட்டுக்குள் புகும்போது அது எந்த வீட்டில் சிலுவை உண்டு, எந்த வீட்டில் திருநீறு உண்டு எனப் பார்ப்பதில்லை. உதவும் கரமும் அவ்வாறு பாராதிருக்கட்டும்.

மூன்றாவதாக, தொண்டின் உண்மை தெரிவது மற்றவர்கள் திரும்பிப் போன பின்னரே. முதல் வாரத்தில் வாகனங்கள் வரிசையாக வரும். மூன்றாம் மாதத்தில் பாடப்புத்தகம் இழந்த பிள்ளையின் வீட்டுக்கு யார் போவார்? வலையிழந்த மீனவருக்கு உரிய நிவாரணம் கிடைக்காதபோது, பிரதேச செயலகத்துக்கு அவரோடு சென்று விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் யார்? அங்கே பங்கின் இளைஞர் ஒருவர் நிற்பாராயின், அதுவும் காட்டில் விடப்பட்டவரைத் தேடிச் செல்வதே.

பெற்றோரே, பிள்ளைகளின் பாதுகாப்பைக் குறித்து அக்கறை கொள்ளுங்கள். தனியே அனுப்பாமல் பங்குக் குழுவோடு அனுப்புங்கள். இயன்றால் நீங்களும் உடன் செல்லுங்கள். ஆனால் அச்சத்தினால் மட்டும் கதவை அடைத்துவிடாதீர்கள். இறுதித் தீர்ப்பைப் பற்றி மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்திலே ஆண்டவர் உரைத்ததை நாம் அறிவோம். பசித்தோரையும் நோயுற்றோரையும் சிறையிலிருப்போரையும் நாடிச் சென்றோமா என்பதே அங்கு எழும் கேள்வி. புனித யோசேவாஸ் அடிகளார் பசியோடும் இருந்தார், நோயுற்றும் கிடந்தார், சிறையிலும் வாடினார். பின்னர் அத்தகையோரைத் தேடியும் சென்றார். அவருடைய பரிந்துரையால் நம் இல்லங்களிலிருந்து அஞ்சாது புறப்படும் இளந்தொண்டர்கள் எழவேண்டுமென இவ்வாரம் குடும்பமாக மன்றாடுவோம்.