சிகரெட் பாக்கெட்டில் தன் படம் வேண்டாம் என்ற வீரர்: ஹோனஸ் வாக்னர் அட்டை 57 கோடி ரூபாய்க்குப் போனது எப்படி?

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு காகித அட்டை. முன்பக்கம் ஆரஞ்சு நிறப் பின்னணியில் ஒரு மனிதரின் முகம். பின்பக்கம் சிகரெட் விளம்பரம். 2022 ஆகஸ்டில் இந்த அட்டை கைமாறிய விலை 72.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 57 கோடி ரூபாய்!

பேஸ்பால் அட்டை சேகரிக்கிறவர்களிடம் கேட்டால், கனவில்கூட விடாமல் தேடுவது இதைத்தான் என்பார்கள். அட்டையில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் நட்சத்திரம். இந்த அட்டையால் அவருக்குக் கிடைத்தது ஒரு காசுகூட இல்லை. அவர் சம்மதம் தரவில்லை என்பதால்தான் அட்டைக்கே இந்த மவுசு.

யார் இவர்? ஏன் வேண்டாம் என்றார்? பார்க்கலாம்.

சுரங்கத்தில் தொடங்கிய வாழ்க்கை

1874 பிப்ரவரி 24. பென்சில்வேனியா மாநிலத்தில், இன்று கார்னகி என்று அழைக்கப்படும் ஊரில் பிறந்தார் வாக்னர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பம். அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. 12 வயதில் பள்ளிப் படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, வாக்னரும் அப்பாவோடும் அண்ணன்களோடும் சுரங்கத்துக்குள் இறங்கினார். இடையில் முடிதிருத்தும் தொழிலும் பழகினார்.

பேஸ்பாலுக்கு அவரை இழுத்து வந்தது அண்ணன் ஆல்பர்ட். வீட்டில் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்திருந்தவரும் அண்ணன்தான். ஆள் தேவைப்பட்ட அணியிடம் தம்பியைப் பற்றிச் சொன்னதும் அவரே. அப்படித்தான் 1895இல் சிறிய லீக் போட்டிகளில் ஆடத் தொடங்கினார் வாக்னர்.

1897இல் பெரிய லீக்கில் இருந்த லூயிவில் அணிக்கு வந்தார். 1899 சீசனோடு நேஷனல் லீக் 12 அணிகளிலிருந்து 8 ஆகச் சுருங்கியது. லூயிவில் காலி. அதன் உரிமையாளர் பார்னி டிரைஃபஸ், வாக்னர் உள்ளிட்ட முக்கிய வீரர்களைக் கூட்டிக்கொண்டு பிட்ஸ்பர்க்குக்கு வந்தார். வாக்னருக்கு அது சொந்த ஊர் திரும்பியது மாதிரி.

மைதானத்தில் என்ன சாதித்தார்?

இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஃபீல்டருக்கு 'ஷார்ட்ஸ்டாப்' என்று பெயர். பேஸ்பாலில் கடினமான இடங்களில் ஒன்று. அந்த இடத்தில் ஆடியவர்களில் இவரை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்பவர்கள் இன்றைக்கும் உண்டு. பருத்த உடம்பு, வளைந்த கால்கள். ஆனால் ஓடினால் பிடிக்க முடியாது. 'பறக்கும் டச்சுக்காரர்' என்பது பட்டப்பெயர். உண்மையில் அவர் ஜெர்மானியக் குடும்பத்துப் பிள்ளை. ஜெர்மானியரைக் குறிக்கும் 'டாய்ச்' என்ற சொல்தான் பேச்சுவழக்கில் 'டச்சு' ஆகிவிட்டது.

1900 முதல் 1911 வரை 8 முறை நேஷனல் லீக்கின் சிறந்த பேட்டிங் சராசரி இவருடையது. 700க்கும் அதிகமான முறை பேஸ்களைத் 'திருடினார்'. அதாவது, பந்து வீசப்படும் இடைவெளியில் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது.

சறுக்கலும் இருந்தது. 1903இல் நடந்த முதல் நவீன உலகத் தொடரில் பாஸ்டனிடம் பிட்ஸ்பர்க் தோற்றது. வாக்னர் சோபிக்கவில்லை. அந்தக் கறையைத் துடைக்க 6 வருடம் ஆனது. 1909 உலகத் தொடரில் எதிரே நின்றது டெட்ராய்ட் அணி, அதன் இளம் நட்சத்திரம் டை காப். 35 வயது வாக்னர் 6 முறை பேஸ் திருடினார், பேட்டிங்கிலும் காப்பை முந்தினார். கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு.

வேண்டாம் என்றது ஏன்?

அதே 1909இல்தான் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் வீரர்களின் படம் போட்ட அட்டைகளை வைக்கத் தொடங்கியது. பாக்கெட் நசுங்காமல் தாங்குவதற்கும் ஆச்சு, விளம்பரத்துக்கும் ஆச்சு. 1911 வரை 500க்கும் மேற்பட்ட விதவிதமான அட்டைகள் வெளிவந்தன. பெரியவர்கள் சிகரெட்டை எடுத்துக்கொள்ள, அட்டைக்காகச் சிறுவர்கள் அலைந்தார்கள்.

வாக்னரிடம் அனுமதி வாங்கித் தரும் பொறுப்பு பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் க்ரூபரிடம் வந்தது. வாங்கித் தந்தால் 10 டாலர் கூலி. வாக்னர் மறுத்துக் கடிதம் எழுதினார். தன்னால் க்ரூபருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று 10 டாலருக்குத் தானே ஒரு காசோலையையும் இணைத்து அனுப்பினார். க்ரூபர் அதை மாற்றவில்லை, ஞாபகப் பொருளாக வைத்துக்கொண்டார்.

வாக்னர் அட்டை அச்சாவது நின்றது. ஆனால் அதற்குள் சில வெளியே போய்விட்டன. இன்று இருப்பதாகத் தெரிவது ஏறக்குறைய 60 மட்டுமே.

மறுப்புக்கு என்ன காரணம்? இங்கேதான் இரண்டு கட்சி. சிறுவர்கள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்கக்கூடாது என்று நினைத்தார் என்பது ஒன்று. பணம் தராமல் படத்தைப் போடுவது பிடிக்கவில்லை என்பது இன்னொன்று. வாக்னர் புகையிலை மெல்லுகிறவர்தான். விளம்பரத்துக்கு எதிரியும் இல்லை. 1905இலேயே தன் கையெழுத்தை பேட்டில் பொறிக்க ஒப்பந்தம் போட்டவர். 1908இல் ஓய்வு பெறப் போவதாகச் சொல்லி, சம்பளத்தை 10,000 டாலராக உயர்த்திக்கொண்டவரும்கூட. அதனால் பணக் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பணம் மட்டுமே குறி என்றால், கைக்காசு 10 டாலரை எதற்கு அனுப்ப வேண்டும்?

கடைசிக் காலம்

1917இல் ஆட்டத்தை நிறுத்தினார். பிட்ஸ்பர்க்கில் விளையாட்டுப் பொருள் கடை வைத்தார். 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் அதை நொடிக்க வைத்தது. 1933இல் பழைய அணியே அவரைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. பல வருடங்கள் இளம் வீரர்களோடு மைதானத்தில் இருந்தார்.

1936இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான 5 பேரில் இவரும் ஒருவர். பேப் ரூத்துக்கு எத்தனை வாக்குகளோ, இவருக்கும் அத்தனையே. 1955 ஏப்ரலில் பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை திறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் தேதி, 81 வயதில் காலமானார்.

50 டாலரிலிருந்து கோடிகளுக்கு

பேஸ்பால் அட்டைகளை முதலில் முறையாக வகைப்படுத்தியவர் ஜெஃபர்சன் பர்டிக். இந்த வரிசைக்கு 'டி206' என்று எண் கொடுத்தவரும் அவரே. மற்ற அட்டைகள் சில காசுகளுக்குப் போன காலத்தில், வாக்னர் அட்டைக்கு அவர் பட்டியலில் போட்ட விலை 50 டாலர். தன் சேகரிப்பு மொத்தத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1991இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு பங்குதாரரோடு சேர்ந்து ஒரு வாக்னர் அட்டையை 4,51,000 டாலருக்கு வாங்கினார். 2007இல் அதே அட்டை 28 லட்சம் டாலருக்குப் போனது. பளிச்சென்று இருக்கிறதே என்று எல்லோரும் வியந்த அட்டை அது. அதன் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதாக, முன்பு அதை வைத்திருந்த ஏல வியாபாரி ஒருவர் 2013இல் ஒப்புக்கொண்டார். அட்டை வாங்கும்போது ஓரத்தையும் மூலையையும் ஏன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

இன்றைய சேகரிப்பாளர்களின் கண் பழைய ஜாம்பவான்கள் மேல் மட்டும் இல்லை. நாளைக்கு யார் நட்சத்திரம் ஆவார் என்று கணித்து, புதுமுகங்களின் அட்டைகளை இப்போதே வாங்கி வைக்கிறார்கள். இது சூதாட்டம் மாதிரிதான். பெரும்பாலான புதுமுகங்கள் பெரிய ஆளாக வருவதில்லை, அட்டையும் சும்மா கிடக்கும்.

வந்தால்? வாக்னரின் அதே பிட்ஸ்பர்க் அணியில் 2024இல் அறிமுகமான பந்துவீச்சாளர் பால் ஸ்கீன்ஸ். முதல் ஆட்டத்தில் சட்டையில் இருந்த துணிச்சின்னத்தைப் பதித்து, உலகத்தில் ஒன்றே ஒன்று என ஒரு அட்டை வெளியானது. 11 வயதுச் சிறுவன் பிரித்த பாக்கெட்டில் அது இருந்தது. அட்டைக்குப் பதிலாக 30 வருட சீசன் டிக்கெட் தருவதாக அணி சொல்லிப் பார்த்தது. குடும்பம் ஏலத்துக்கே விட்டது. 2025 மார்ச்சில் கிடைத்தது 11 லட்சம் டாலருக்கும் மேல்.

இன்று அட்டைகளை விற்க சிகரெட் பாக்கெட் தேவையில்லை. ஒரு பையன் கடைக்குப் போய் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வரலாம். வாக்னர் மனதில் இருந்தது சிறுவர்கள்தான் என்றால், இதற்கு அவர் மறுப்புச் சொல்லியிருக்க மாட்டார். பணம் என்றால், தன் பங்கைக் கட்டாயம் கேட்டிருப்பார்!