3 டன் கண்ணாடியைத் தாங்கிய 27 புள்ளிகள்: யார் இந்த லார்ட் ராஸ்?

வில்லியம் பார்சன்ஸ் (1800–1867) அயர்லாந்தின் பர் கோட்டைப் பிரபு. லார்ட் ராஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும். பட்டம், பணம், எம்.பி. பதவி எல்லாம் இருந்தும் மனுஷர் இறங்கியது பட்டறை வேலையில்! தன் பண்ணை ஆட்களையே பழக்கி, கோட்டை வளாகத்திலேயே 6 அடி விட்டக் கண்ணாடியுடன் தொலைநோக்கி கட்டினார். 1917 வரை உலகிலேயே பெரிய தொலைநோக்கி அதுதான்.

சிக்கல் என்ன?

அந்தக் காலத்தில் தொலைநோக்கிக் கண்ணாடி என்பது செம்பும் வெள்ளீயமும் உருக்கி வார்த்த உலோகத் தட்டு. 1842-ல் வார்த்த தட்டின் எடை சுமார் 3 டன். நீராவி இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றியாச்சு. ஆனால், படுத்திருக்கும் தட்டு தன் எடையாலேயே தொய்யும். தலைமுடியின் தடிமனில் சிறு பங்கு வளைந்தாலும் போதும், நட்சத்திரம் கலங்கித் தெரியும்.

மூன்று இடத்தில் முட்டுக் கொடுத்தால் நடுவில் தொய்யும். சரி, நிறைய முட்டு வைக்கலாமே? அதில் ஒன்று துளி உயர்ந்துவிட்டால், அந்த இடத்தில் பாரம் ஏறி தட்டு வளைந்துவிடும்.

தராசு சொன்ன வழி

டப்ளின் கருவி வல்லுநர் தாமஸ் கிரப், அர்மா வானாய்வகத்துக்காக 1830-களில் ஒரு தாங்கியை உருவாக்கியிருந்தார். ராஸ் அந்த முறையையே எடுத்துக்கொண்டார்.

அடியில் 3 ஆடும் முக்கோணங்கள். ஒவ்வொன்றின் 3 மூலையிலும் இன்னொரு சின்ன முக்கோணம். சின்ன முக்கோணங்களின் மூலைகள்தான் கண்ணாடியைத் தாங்கும். மொத்தம் 27 புள்ளிகள். ஒரு மூலை அழுந்தினால் மற்றவை எழும்பும், தராசுத் தட்டு மாதிரி. பாரம் தானாகவே புள்ளிக்குச் சுமார் 110 கிலோ என்று பிரிந்துவிடும்.

கண்டது என்ன?

1845-ல் எம்51 என்ற மங்கலான ஒளித்திட்டைப் பார்த்தார் ராஸ். நீர்ச்சுழி போன்ற சுருள் வடிவம் தெரிந்தது. ஒரு விண்பொருளில் சுருள் வடிவத்தை மனிதர் கண்டது அதுவே முதல்முறை. அது இன்னொரு நட்சத்திர மண்டலம் என்பது உலகுக்குப் புரிய 1920-கள் வரை ஆனது.

அதே ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து, அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. பல ஆண்டு உழைப்பு பலன் தரத் தொடங்கிய நேரம். ஆனாலும் ராஸ் வானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு நிவாரண வேலையில் இறங்கினார். தன் வருமானத்தில் பெரும்பங்கை அதற்கே செலவிட்டார். முறையான வான்நோக்கல் 1848 வாக்கில்தான் மீண்டும் சூடுபிடித்தது.

இன்று வீட்டிலேயே தொலைநோக்கி செய்பவர்களும் கண்ணாடிக்கு அடியில் வைப்பது இதே ஆடும் முக்கோணங்களைத்தான். சின்னக் கண்ணாடிக்கு 9 புள்ளி, பெரியதற்கு 18 அல்லது 27. கணக்கு அதேதான்: பாரத்தைச் சமமாகப் பகிர்ந்தால் கண்ணாடி வளையாது.