அங்காடி கண்ட வேந்தர் சுல்தான் முகம்மது ஃபாத்திஹ்

உதுமானியப் பேரரசர் சுல்தான் இரண்டாம் முகம்மதுவை உலகம் ஃபாத்திஹ், அஃதாவது வெற்றியாளர், என்னும் பெயராலேயே அறியும். நம் வகுப்பறைகளில் அவர் வரலாறு 1453ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோபிள் நகரம் வீழ்ந்ததோடு நிறைவுற்றுவிடுகின்றது. அந்நாளில் அவருக்கு வயது இருபத்தொன்று. அதன் பின்னரும் 28 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார், ஆண்டார். மதிலைத் தகர்த்தது 53 நாள் வேலை. மதிலுக்குள் ஒரு வணிக நகரத்தை மீண்டும் நிறுத்தியதோ எஞ்சிய வாழ்நாள் முழுவதும் நீண்ட வேலை. அவ்வேலையில் அவர் வென்றதும் உண்டு, தவறியதும் உண்டு. பலரும் போர்க்களத்தையே பாடிவிட்டமையால், நாம் இங்கே கடைத்தெருவின் வழியாக அவரைக் காண முற்படுகின்றோம்.

1432ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் முராதின் மகனாக அவர் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில் தந்தை அரியணையை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார். ஈராண்டுகளுக்குள் மீண்டும் தாமே ஏற்றார். சிறுவன் ஆளத் தகுதியற்றவன் என அரண்மனையில் எழுந்த முணுமுணுப்பு இளவரசரின் உள்ளத்தில் ஆறாத வடுவாகத் தங்கியிருத்தல் வேண்டும். 1451இல் தந்தை மறைந்தபின் இரண்டாம் முறை அரசேற்றார். மறு ஆண்டே பாஸ்பரஸ் நீரிணையின் கரையில் ரூமேலிக் கோட்டையை எழுப்பினார். அதற்கடுத்த ஆண்டு முற்றுகை. இவை யாவரும் அறிந்தன.

அவர் கைக்கு வந்த நகரம் எத்தகையது என்பதுதான் பலர் அறியாதது. 1204ஆம் ஆண்டு சிலுவைப் படையினர் சூறையாடியதிலிருந்து அம்மாநகர் முழுமையாக எழவேயில்லை. ஒரு காலத்தில் பல இலட்சம் பேர் வாழ்ந்த மதிலுக்குள் முற்றுகைக்கு முன் ஐம்பதாயிரம் பேர் அளவிலேயே இருந்தனர் என்பர். மாளிகைகள் இடிந்து கிடந்த இடங்களில் திராட்சைத் தோட்டங்களும் வயல்களும் இருந்தன. நகர் வீழ்ந்த பின்னர் அக்காலப் போர் வழக்கப்படி கொள்ளையும் சிறைபிடிப்பும் நிகழ்ந்தன. இதனை மறைத்து எழுதுதல் வரலாற்றுக்கு அழகன்று. சுல்தான் வென்றது ஏறத்தாழ ஆளற்ற ஊரை.

ஆளற்ற ஊரில் எவரைக் கொண்டு கடை திறப்பது? முதற்கண் அவர் சிறைப்பட்டோரையே நோக்கினார். தம் பங்கிற்கு வந்த கைதிகளைத் துறைமுகக் கரையில் குடியமர்த்தி, வீடும் அளித்து, குறிப்பிட்ட காலம் வரி விலக்கும் தந்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் கிரித்தோவுலோஸ் எழுதுகின்றார். வேறு கைதிகளை மதில் பழுதுபார்க்கும் பணியில் அமர்த்தி நாட்கூலி கொடுத்தார். அக்கூலியைச் சேர்த்து அவர்கள் தம் விடுதலைத் தொகையைச் செலுத்திக்கொள்ளலாம். எதிர்க்கரையில் ஜெனோவா வணிகரின் குடியிருப்பாகிய கலாத்தாவுக்கு, நகர் வீழ்ந்த சில நாட்களுக்குள்ளேயே, உடைமைக்கும் வணிகத்துக்கும் உறுதி கூறும் ஆணை வழங்கப்பட்டது. அஞ்சி ஓடியவர்களின் வீடுகள் கணக்கெடுக்கப்பட்டன. மூன்று மாதத்துக்குள் திரும்புவோர்க்கு அவை திருப்பியளிக்கப்படும். 1454ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கெனாதியோஸ் என்னும் துறவியாரைக் கிரேக்கத் திருச்சபையின் தலைவராக அமர்த்தினார். அதே ஆண்டில் வெனிஸ் நகருடன் வணிக உடன்படிக்கையும் ஏற்பட்டது.

இவற்றாலும் நகர் நிரம்பவில்லை. எனவே சுல்தான் தம் நாடெங்கும் ஓர் அறிவிப்பை அனுப்பினார். விரும்பி வருவோர் எவராயினும், அவர் குடிபுகும் வீடும் தோட்டமும் அவர்க்கே உரிமையாகும் என்பது அது. ஏழைகள் சிலர் வந்தனர். கைப்பொருள் உள்ள வணிகரோ அசையவில்லை. அவர்கள் ஏன் அசைய வேண்டும்? புர்சாவில் பட்டு வணிகம் செழித்திருந்தது. எதிர்னேயில் வாடிக்கையாளர் இருந்தனர். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அங்கேயே இருந்தனர். வணிகனின் முதல், பெட்டியில் உள்ள நாணயத்தைவிட அவனை அறிந்த மனிதரிடமே மிகுதியும் இருக்கின்றது. அம்முதலை மூட்டை கட்டிக் கொண்டுவர இயலாது. நம் சமுதாயத்துப் பெரியவர்களுள் பிழைப்புக்காகக் கடல் கடந்து கடை வைத்தவர்கள் இதனை நம்மினும் நன்கு அறிவர்.

விருப்பத்தால் வாராதவரை ஆணையால் வரவழைக்கச் சுல்தான் துணிந்தார். ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் இத்துணைக் குடும்பங்கள், செல்வரும் வறியரும் கலந்து, அனுப்பப்பட வேண்டும் எனக் கட்டளை பிறந்தது. துருக்கி மொழியில் இதற்குச் சுர்கூன் என்று பெயர். பின்னாளில் திரெபிசோந்த், கரமான், கிரிமியாவின் கஃபா எனப் புதிதாக வென்ற ஊர்களிலிருந்தெல்லாம் கைவினைஞரும் வணிகரும் இவ்வாறே பெயர்க்கப்பட்டனர். அங்கே மூடப்பட்ட கடைகளின் விலையில்தான் இங்கே கடைகள் திறந்தன. ஒரு நகரம் வாழ மற்றொரு நகரத்தின் கைத்திறனைப் பறிப்பது நகர வளர்ச்சியாகுமா என்னும் வினாவை நாம் எழுப்பாதிருக்க இயலவில்லை. சுல்தானிடம் நாம் கொண்ட மதிப்புக்கும் இவ்வினா குறைவன்று.

இனித்தான் அவர் வாழ்வில் நம்மை மிகவும் சிந்திக்கவைக்கும் நிகழ்ச்சி வருகின்றது. பெயர்த்துக் கொணரப்பட்டோர்க்கு வீடுகள் கொடுக்கப்பட்டன. அவர்களும் கூரை வேய்ந்து, சுவர் எழுப்பி, தொழில் தொடங்கினர். அந்நிலையில் 1455ஆம் ஆண்டையொட்டி நகரத்து வீடுகள் அனைத்தையும் கணக்கெடுக்கும் பணி ஜுப்பே அலீ என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் உறவினரும் பின்னர்ச் சுல்தானின் வரலாற்றை எழுதியவருமாகிய தூர்சுன் பெக் அப்பணியில் எழுத்தராக இருந்தார். கணக்கு முடிந்ததும் அவ்வீடுகளுக்கு வாடகை விதிக்கப்பட்டது! கட்டடம் உமது, அது நிற்கும் மனை அரசினது, ஆதலின் ஆண்டுதோறும் செலுத்துக என்பது அதன் பொருள். வசதிக்கு மீறிய பெரிய மாளிகைகளைச் சிலர் பிடித்துக்கொண்டிருந்தனர் என்றும், அதனைச் சீர்செய்யவே சுல்தான் இவ்வாறு செய்தார் என்றும் தூர்சுன் பெக் காரணம் காட்டுகின்றார். காரணம் எதுவாயினும் குடிகள் அதனை அவ்வாறு கொள்ளவில்லை. சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருந்தவரைப் பெயர்த்துக் கொணர்ந்தது இடிந்த வீட்டுக்கு வாடகை வாங்கவோ என்று அவர்கள் மனங்கொதித்தனர். மனைவி மக்களையும் விட்டுவிட்டு ஓடியவர்களும் உளர் என்று ஆஷிக் பாஷா ஜாதா என்னும் மற்றொரு வரலாற்றாசிரியர் குறிக்கின்றார்.

குலா ஷாஹீன் என்னும் பழம்பணியாளர் ஒருவர் அஞ்சாது சுல்தானிடம் சென்றார். தந்தையாரும் பாட்டனாரும் எத்தனையோ ஊர்களை வென்றனர், எங்கும் இத்தகைய வாடகை விதித்ததில்லை, தங்களுக்கும் இது தகாது என்று அவர் எடுத்துரைத்தார். உலகை நடுங்கவைத்த வேந்தர் அதனைக் கேட்டார். வாடகையை நீக்கி, வீடுகள் குடியிருப்போர்க்கே முழு உரிமை எனப் புதிய ஆணை பிறப்பித்தார். அதன் பின்னரே மக்கள் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் மனமுவந்து கட்டலாயினர் என அவ்வரலாறு கூறுகின்றது. நம் கருத்தில், சுல்தான் அந்நகரத்துக்குச் செய்த நன்மைகளுள் இவ்வாணையே தலையாயது. கால் ஊன்றிய மண் நாளையும் தன்னுடையதே என்னும் உறுதி இல்லாதவன் கடையில் சரக்கை நிரப்பான். வந்த இலாபத்தை இடுப்பில் முடிந்து, ஊர் திரும்பும் நாளை எண்ணியிருப்பான்.

ஏறத்தாழ இதே காலத்தில்தான் அவர் அங்காடி கட்டத் தொடங்கினார். இன்று இஸ்தான்புல்லின் பெருஞ்சந்தை என உலகப் பயணிகள் நாடிச் செல்லும் கட்டடத் தொகுதியின் நடுவே, மூன்று வரிசையில் வரிசைக்கு ஐந்தாகப் பதினைந்து குவிமாடங்களைக் கொண்ட பழைய கற்கூடம் ஒன்று உள்ளது. அதற்குப் பெதஸ்தென் என்று பெயர். துணி விற்பவனைக் குறிக்கும் பஸ்ஸாஸ் என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அப்பெயர் என்பர். அறுவை வணிகர் மறுகு என நம் முன்னோர் சொன்னாற்போலக் கொள்ளலாம். கல்லால் ஆகியமையின் தீ அணுகாது. இரும்புக் கதவுகளும் இரவுக் காவலரும் உண்டு. பட்டும் பொன்னும் மணியும் அங்கே விற்கப்பட்டதோடு, வெளியூர் செல்லும் வணிகர் தம் செல்வத்தைப் பெட்டகங்களில் வைத்துப் பூட்டிச் செல்லும் வைப்பகமாகவும் அது விளங்கியது. அதனைச் சுற்றித் தொழில்வாரியாகத் தெருக்கள் எழுந்தன. சிலம்பில் இந்திரவிழவு ஊரெடுத்த காதையைப் பயிலும் நம் மாணவர்க்கு மருவூர்ப்பாக்கம் நினைவுக்கு வருதல் இயல்பே. எடைக்கும் அளவுக்கும் விலைக்கும் பொறுப்பான அலுவலர் அத்தெருக்களில் சுற்றி வந்தார்.

சிறுவணிகன் ஒருவனால் தீப்பற்றாக் கற்கூடத்தைத் தனியே கட்டிக்கொள்ள இயலாது. ஆதலின் அரசர் கட்டினார். ஆயின் கட்டியதைத் தம் கருவூலத்தோடு சேர்க்கவில்லை; அயா சோபியாப் பள்ளிவாசலின் வக்ஃபாக எழுதிவைத்தார். கடை வாடகையைக் கொண்டு பள்ளிவாசலின் செலவும் பணியாளர் ஊதியமும் நடைபெற்றன. கடையில் ஆள் இல்லையேல் பள்ளிவாசலுக்கு வருவாய் இல்லை. எனவே வணிகன் நிலைப்பதில் வக்ஃபுக்கும் அக்கறை உண்டாயிற்று. பள்ளிவாசல் வளாகத்துக் கடைகளின் வாடகை பற்றி ஜமாஅத்துக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் வாதங்களைக் கேட்டிருக்கும் நமக்கு இவ்வேற்பாட்டின் அருமையும் அதன் சிக்கலும் ஒருங்கே விளங்கும்.

தாம் ஒருவரே கட்டினால் போதாது என்று கண்ட சுல்தான், 1459ஆம் ஆண்டில் அமைச்சர்களையும் பெருமக்களையும் அழைத்து, நகரின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொருவரும் பள்ளிவாசலும் சத்திரமும் குளியலகமும் சந்தையும் அமைக்குமாறு பணித்தார். தலைமை அமைச்சர் மஹ்மூது பாஷா எழுப்பிய பள்ளிவாசலும், மென்மயிர்த்தோல் வணிகர்க்கான விடுதியும் அந்த வகையின. சுல்தானே 1463 முதல் 1470 வரை தம் பெயரால் பெரும் பள்ளிவாசலைக் கட்டினார். சிதைந்திருந்த புனிதத் திருத்தூதர் தேவாலயம் அதற்காக அகற்றப்பட்டது. பள்ளிவாசலைச் சுற்றி மதரஸாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்கான உணவுச்சாலை. அருகிலேயே சேணம் தைப்போர்க்குத் தனிச் சந்தை. பழைய நீர்வழிகளும் செப்பனிடப்பட்டன.

1467ஆம் ஆண்டில் கொடிய கொள்ளைநோய் பரவி மக்களைக் குறைத்தது. அதற்குப் பின்னரும் நகர் எழுந்தது என்பதற்குச் சான்று 1477ஆம் ஆண்டில் நகரத்துக் காஜி எடுத்த குடிக்கணக்கு. மதிலுக்குள் 14,803 இல்லங்கள், கலாத்தாவில் 1,521 இல்லங்கள். படையினரும் அரண்மனையாரும் இதிற் சேரார். மதிலுக்குள் 8,951 முஸ்லிம் இல்லங்கள், 3,151 கிரேக்க இல்லங்கள், 1,647 யூத இல்லங்கள். ஆர்மீனியரும் கரமானியரும் கஃபாவினரும் வேறு. கடைகள் 3,667. இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் வயல் கிடந்த இடம் அது.

எனினும் முதுமையை நோக்கிச் சென்ற சுல்தானைப் போர்ச்செலவு நெருக்கியது. வெள்ளி நாணயமாகிய அக்சேயைப் பன்முறை எடை குறைத்து அச்சிட்டார். பழைய நாணயத்தைக் குறைந்த விலைக்கு ஒப்படைக்குமாறு ஆணையிட்டு, அதனை மறைத்து வைத்திருப்போரைத் தேடி அலுவலரை வணிகர்களிடம் ஏவினார். உப்பு, சோப்பு, மெழுகுவத்தி போன்றவற்றின் விற்பனையுரிமையைத் தனியார் சிலர்க்குக் குத்தகைக்கு விட்டார். வக்ஃபு நிலங்கள் பலவற்றை அரசுடைமையாக்கினார். முன்னர் நீக்கப்பட்ட மனை வாடகையும் மீண்டும் தலைகாட்டிற்று. ரூம் முகம்மது பாஷா என்னும் அமைச்சரே அதற்குக் காரணம் என ஆஷிக் பாஷா ஜாதா சினத்தோடு எழுதுகின்றார். அமைச்சரைப் பழிப்பது எளிது. ஆணையில் இருந்தது சுல்தானின் முத்திரை. இளமையில் குலா ஷாஹீனின் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் முதுமையில் அத்தகையவரை அருகில் வைத்துக்கொள்ளவில்லை போலும்.

1481ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், புதியதொரு படையெடுப்புக்குப் புறப்பட்ட வழியில், கெப்சேக்கு அருகே பாசறையில் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். செய்தி எட்டியதும் ஜானிசரிப் படையினர் கிளர்ந்தெழுந்து தலைமை அமைச்சரைக் கொன்றனர். செல்வரின் வீடுகளைச் சூறையாடினர். அவர் மகன் இரண்டாம் பாயசீத் அரசேற்றதும் செய்த முதற்பணிகளுள், தந்தையார் கைப்பற்றிய வக்ஃபு நிலங்களை உரியோர்க்குத் திருப்பியளித்ததும் ஒன்று.

சுல்தானின் உடல் அவர் கட்டிய பள்ளிவாசலின் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. 1766ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அப்பள்ளிவாசல் இடிந்து வீழ, பின்னர்ப் புதிதாகக் கட்டப்பட்டது. அவர் எழுப்பிய பெதஸ்தெனோ பல தீக்களையும் நடுக்கங்களையும் கடந்து அதே இடத்தில் நிற்கின்றது. அதன் கீழ் இன்றும் காலையில் கடை திறந்து மாலையில் பூட்டுகின்றனர்.