மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒரு பீமவரத்துக்காரர்

உங்கள் வீட்டில் யாராவது மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறார்களா? கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் டாக்டர் எழுதியிருப்பார். இந்த இரண்டையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் ஒருவரே: எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மூன்றாவது முயற்சியில்தான், அதுவும் சென்னைக்கு வந்து, மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்று கதராடை அணிந்தது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் நன்றாகச் செய்தும், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. உடன்பிறந்தவர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள்.

1922-ல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவுவதும் அதில் சேர்த்தி. ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, உடம்பின் சக்திக்கு ஆதாரமான ஏ.டி.பி. என்ற பொருளைக் கண்டறிந்தார். அப்படியும் ஹார்வர்ட் நிரந்தர வேலை தரவில்லை. அது அவர்களுக்குத்தான் நஷ்டம் என்று எனக்குத் தோன்றும். 1940-ல் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்துக்குப் போனார்.

அங்கேதான் ஃபோலிக் ஆசிட் கதை. உடம்பில் எந்த அணுவும் இரண்டாகப் பிரிய இந்த வைட்டமின் வேண்டும். ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு இது நல்ல மருந்தானது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இருந்த சிட்னி ஃபார்பர், இதைச் சேர்ந்த மருந்துகளை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதில் வேகமெடுத்தது! புற்று அணுக்களுக்குத் தீனி போட்டது போல ஆகிவிட்டது.

அப்படியானால் அந்தத் தீனியை நிறுத்தினால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் ஆசிட் போலவே இருக்கும் போலிகளைச் செய்தது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திரும்பாத சாவியை நினைத்துக்கொள்ளுங்கள். போலி போய் இடத்தை அடைத்துக்கொள்ளும். அசல் வேலை செய்ய முடியாது. அணு பெருகாமல் நிற்கும். அப்படிப்பட்ட அமினோப்டெரின் மருந்தை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. அதுவரை இந்த நோய் வந்த குழந்தைக்கு மிஞ்சியிருந்தது சில வாரமோ மாதமோதான். தணிந்த நோய் திரும்பவும் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் மருந்தால் இதைப் பின்வாங்க வைக்கலாம் என்று தெரிந்துவிட்டது.

அந்த முடிவுகள் 1948 ஜூனில் வெளிவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். கப்பலேறிய பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை. மனைவி இங்கேயே இருந்தார்; பிறந்த மகன் குழந்தையாகவே இறந்தான், தந்தை முகம் பார்க்காமல்.

அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இருக்கிறது. நல்ல சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் பிழைக்கிறார்கள். ஒன்று மட்டும்: மூட்டுவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. பெரியவர்களுக்கு மாத்திரை எடுத்து வைப்பவர்கள், கிழமையை அட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து விழுங்க வைத்த யானைக்கால் நோய் மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? அந்த டி.இ.சி.யும் சுப்பாராவ் குழுவிலிருந்து வந்ததுதான்.