பாட்டா யார்? ஒரு ஊரையே ஷூ கம்பெனியாக மாற்றியவரின் கதை!

ஸ்கூல் திறக்கப்போகுதுன்னா பாட்டா கடையில் கூட்டம் அலைமோதும். அது இந்தியக் கம்பெனி என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால், பாட்டா என்பது ஒரு செக் குடும்பத்தின் பெயர்.

இன்றைய செக் குடியரசில் உள்ள ஸ்லின் என்ற சின்ன ஊரில், தலைமுறை தலைமுறையாகச் செருப்பு தைத்த குடும்பத்தில் 1876-ல் பிறந்தவர் தோமாஷ் பாட்டா. 1894-ல் அண்ணன் அன்டோனின், சகோதரி அன்னாவோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். சீக்கிரமே கடன் கழுத்தை நெரித்தது. தோல் வாங்கக் காசில்லாததால் கேன்வாஸ் துணியில் ஷூ தைத்தார்கள். விலை கம்மி என்பதால் அதுவே ஹிட்டானது. 1904-ல் அமெரிக்காவின் லின் நகருக்குப் போய், மெஷினில் ஷூ தயாரிப்பதைக் கற்றுவந்தார். முதல் உலகப்போரில் ராணுவ பூட்ஸ் ஆர்டர்கள் குவிந்தன.

பெரிய சோதனை 1922-ல் வந்தது. செக் நாணயத்தின் மதிப்பு ஏறியதால் ஏற்றுமதி படுத்துவிட்டது. சரக்கு தேங்கியது. மற்ற முதலாளிகள் ஆட்களைக் குறைத்தபோது, பாட்டா ஷூ விலையைப் பாதியாகக் குறைத்தார். அதற்காகத் தொழிலாளர்களின் சம்பளத்தில் 40 சதவீதம் வெட்டு! பதிலுக்கு உணவு, துணி போன்றவற்றை கம்பெனியே பாதி விலைக்குக் கொடுத்தது. கொடுத்த சம்பளம் கம்பெனி கடைக்கே திரும்பி வந்தது என்பதையும் கவனிக்கணும்.

அடுத்த வருடமே அவர் ஊரின் மேயர். சாகும்வரை அந்தப் பதவியில் இருந்தார். தோட்டத்தோடு செங்கல் வீடுகள், குறைந்த வாடகை, பள்ளி, ஆஸ்பத்திரி என சில ஆயிரம் பேர் இருந்த ஸ்லின், 20 ஆயிரத்தைத் தாண்டி வளர்ந்தது. லாபத்தில் பங்கும் உண்டு. ஆனா, முதலாளியும் அவரே, வீட்டு ஓனரும் அவரே, மேயரும் அவரே. தொழிற்சங்கத்துக்கு அங்கே இடமில்லை. வேலை போனால் வீடும் போச்சு. ஊரே ஒருத்தர் கையில் இருந்தால், அவரை எதிர்த்து யாரிடம் முறையிடுவது?

1932 ஜூலை 12 காலை, கடும் மூடுபனியில் சுவிட்சர்லாந்து கிளம்பிய அவரது விமானம் சில நிமிடங்களிலேயே விழுந்து நொறுங்கியது. பாட்டாவும் பைலட்டும் இறந்தனர். வயது 56. பொறுப்பேற்ற தம்பி யான் காலத்தில்தான், 1934-ல் கொல்கத்தா அருகே ஹூக்ளி ஆற்றங்கரையில் ஸ்லின் பாணியிலேயே பாட்டாநகர் உருவாகத் தொடங்கியது.

ஸ்லினில் இருந்த ஆலையை இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அரசு எடுத்துக்கொண்டது. 1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி, அதிபர் கோட்வால்டின் பெயரை ஊருக்கே சூட்டியது. 1990-ல்தான் அது மறுபடியும் ஸ்லின் ஆனது.